சம்பந்திக்கு முதல் மீன்

பெட்டிக்குள் நாற்பத்தெட்டு ஈக்கள் இருந்தன. அவற்றில் எந்த மீனும் திரும்பிக்கூடப் பார்க்காத ஈ எது என்பதைத் தனுஷ்கோடி உடனே கண்டுபிடித்தாக வேண்டும், சம்பந்தி சுயம்புலிங்கம் பெஞ்சில் உட்கார்ந்து ரப்பர் பூட்ஸை மாட்டி முடிப்பதற்குள். நிஜ ஈ ஒன்றுகூடக் கிடையாது. இறகு, நூல், ரோமம், ரப்பர், ஸ்பாஞ்சு என்று கையில் கிடைத்ததையெல்லாம் குட்டிக் குட்டித் தூண்டில் முள்ளில் சுற்றி, இது ஈ, இது எறும்பு, இது சிலந்தி என்று சொல்லிக்கொள்கிறார்கள் இந்த மிச்சிகன்காரர்கள். ஒரு மண்புழுவைக் கோத்துப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று போன வாரம் கேட்டதற்கு, "அது வேற மாமா, இது வேற" என்று மாப்பிள்ளை பிரபாகர் சிரித்தான். தூண்டில் கம்பு, நரம்பு, பெட்டி எல்லாம் ஆசையாக வாங்கிப் போட்டவன் அவன்தான், இரண்டு தடவை குளத்துக்கு வந்ததோடு சரி, இப்போது பெரியவர்கள் இருவரையும் கரையில் இறக்கிவிட்டுப் போய்விட்டான். போகும்போது, "இங்க இருக்கறதெல்லாம் சின்ன மீனுங்க மாமா, வறுக்கிற சட்டிக்குள்ள முழுசா அடங்குற சைஸு, எதப் போட்டாலும் கடிக்கும், பயப்படாதீங்க" என்றான். தனுஷ்கோடியின் பயமே அதுதான். பெண்ணைக் கொடுத்தவன் சம்பந்திக்கு முன்னால் மீன் பிடிக்கலாமா? பந்தியில் அவர் இலையை மூடாமல் நாம் மூடுவதில்லை, காரில் அவர் முன்சீட்டில் உட்காராமல் நாம் ஏறுவதில்லை, மீனில் மட்டும் முந்திக்கொண்டால் அதற்கு என்ன பெயர்? ஆனால் மீனுக்கு இதெல்லாம் யார் சொல்லுவது.

காலையில் அடுப்படியில் வைத்து மகள் சுபிதா ரகசியமாகச் சொன்னாள், ஒரு கையில் பால் பாட்டில், தலை சீவாமல், பிள்ளை பெற்று இருபத்திரண்டு நாள் தூங்காத கண்ணோடு. "அப்பா, இன்னைக்கு மாமாவுக்கு ஒரு மீனாவது மாட்டணும். உங்களுக்கு மாட்டவே கூடாது. சாயங்காலம் பேரு விஷயத்தச் சொல்லப் போறோம்." பேர் விஷயம் என்பது இதுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை முப்பதாம் நாள், அன்றைக்குப் பேர்த்திக்குத் தன் தாயார் பெயரை, வெள்ளையம்மாள் என்று, காதில் மூன்று தடவை சொல்வதற்காகவே சுயம்புலிங்கம் ராஜபாளையத்திலிருந்து மூன்று விமானம் மாறி வந்திருக்கிறார். அவருக்குத் தெரியாதது, ஆஸ்பத்திரியில் பெயர் எழுதிக் கொடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார்கள், பிள்ளைகள் இரண்டும் இயல் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பச்சைக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். முத்திரை போட்ட பிறப்புச் சான்றிதழ் தபாலில் வந்து மைக்ரோவேவுக்கு மேல் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. இருபத்திரண்டு நாளாக வீடே பாப்பா பாப்பா என்று சொல்லிச் சமாளிக்கிறது. இயல். அது பெயரா, பாடப் புத்தகத்தில் வருகிற தலைப்பா என்று தனுஷ்கோடிக்கே சந்தேகம்தான், ஆனால் பெண் ஆசைப்பட்டு வைத்தாயிற்று, அப்பன் என்ன செய்ய? வெள்ளையம்மாள் மட்டும் என்ன வாழ்கிறதாம். இந்தக் காலத்தில், இந்த ஊரில், பள்ளிக்கூடத்தில் அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாயில் அந்தப் பெயர் என்ன பாடுபடும்? செத்துப்போன தாயார் பெயரைப் பிறந்த பிள்ளை தலையில் கட்டுவதில் இந்த மனுஷனுக்கு என்ன அப்படி ஒரு பிடிவாதம்?

பிடிவாதத்தில் அவரை யாரும் ஜெயிக்க முடியாது. ரிட்டயர்டு தாசில்தார். கோபம் வந்தால் கத்துகிற ஆள் என்றால்கூடச் சமாளிக்கலாம், இவர் கத்தமாட்டார், பேச்சை நிறுத்திவிடுவார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் தீபாவளிக்கு அவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, எல்லாரும் சும்மா இருக்கிறோமே என்று கேரம் போர்டை எடுத்துப் போட்டார்கள். தனுஷ்கோடி ஏதோ கைவாக்கில் தட்டினார், ரெட்டும் விழுந்தது, ஃபாலோவும் விழுந்தது, ஆட்டமும் முடிந்துபோனது. விழுந்துவிட்டது, அதற்கு அவர் என்ன செய்வார், திரும்ப எடுத்து வைக்கவா முடியும்? சுயம்புலிங்கம் சிரித்தார், "நல்ல கை சம்மந்தி ஒங்களுக்கு" என்றார், அன்றைக்கு ராத்திரி அதிரசமும் கறிக்குழம்பும் பரப்பி வைத்திருக்க மோர்ச்சோறு மட்டும் போதும் என்றார், அப்புறம் மூன்று நாள் வாயைத் திறக்கவில்லை. அவர் பேசாவிட்டால் மாப்பிள்ளை பேசமாட்டான், மாப்பிள்ளை பேசாவிட்டால் சுபிதாவுக்கு ஒற்றைத் தலைவலி வரும். ஒருத்தர் முகத்தைப் பார்த்து வீடே மூச்சு விடுகிற இடத்தில் பெண்ணைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோமே என்று திரும்பும்போது பஸ்ஸில் ஊர் வரும்வரை தனக்குள் புலம்பிக்கொண்டே வந்தார். இப்போது அவள் வயிற்றில் தையல் இன்னும் காயவில்லை. தலைவலியும் சேர்ந்தால் தாங்குவாளா? தாங்கமாட்டாள். ஆகவே மீன் அவருக்குத்தான் கடிக்க வேண்டும், மூன்று வாரமாக வந்து நின்று ஒரு வாலைக்கூடப் பார்க்காத மனுஷனுக்கு இன்றைக்காவது ஒன்று கடித்து, அந்தச் சந்தோஷத்தின் ஈரம் காய்வதற்குள் பிள்ளைகள் விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும்.

"என்ன சம்மந்தி, இன்னும் பொறுக்கி முடியலையா?" பெஞ்சிலிருந்து குரல் வந்தது. ஒரு பூட்ஸ் முடிந்திருந்தது.

"இந்தா ஆச்சு சம்மந்தி. நீங்க மொதல்ல எடுத்துக்கிடுங்க, அப்புறம் நான் எடுத்துக்கிடுதேன்."

"நான் வழக்கமாப் போடுறதுதான்" என்று சொல்லிச் சுயம்புலிங்கம் வந்து பெட்டியில் இருப்பதிலேயே பெரிதை எடுத்தார், சிவப்பும் வெள்ளையுமாக, பெரிய கண் வைத்து, பின்னால் இறகு விரித்து, கட்டைவிரல் தண்டிக்கு இருந்தது. பதவிக்கு ஏற்ற ஈதான். ஆனால் இந்தக் குளத்து மீனுக்கு வாய் ஒரு சட்டைப் பொத்தான் அளவு. அந்த வாய்க்குள் இது எப்படிப் போகும் என்று தனுஷ்கோடிக்கு நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிக்கொண்டார். தாசில்தாருக்கு ஆலோசனை சொல்வதா? மோர்ச்சோறுதான். மறுபடி பெட்டியைப் பார்த்தார். பார்க்கப் பார்க்கக் கை பரபரத்தது. சாத்தூர் பஜாரில் முப்பத்தோரு வருஷம் மேட்சிங் சென்டர் வைத்திருந்த கை அது. சேலையை ஒரு முழம் விரித்துக் காட்டினால் போதும், நானூறு பெட்டியில் எந்தப் பெட்டியில் அந்த பிளவுஸ் துணி இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு இழுப்பார். கிளிப்பச்சை வேறு, பாசிப்பச்சை வேறு, மயில்கழுத்து வேறு, டியூப்லைட் வெளிச்சத்தில் ஒத்துப்போவது வெயிலில் ஒத்துப்போகாது, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கம்மா என்று அவரே சொல்லுவார். அப்படிப்பட்டவரைப் பிடித்து வேண்டுமென்றே ஒத்துப்போகாததை எடு என்றால் எப்படி? இந்தத் தண்ணீர் டீத்தூள் கலரில் இருக்கிறது, கரையில் நாணல் பாசிப்பச்சை, வானம் மூட்டம், பாசிப்பச்சை உடம்பும் மஞ்சள் அடிவயிறும் ரப்பர் காலும் உள்ள அந்தக் குட்டிச் சிலந்தி, மேல்வரிசையில் மூன்றாவது, அதுதான் பொருத்தம், அதைத் தொடவே கூடாது. கை அதை நோக்கியே போனது. இழுத்துக்கொண்டார். வேறு எது? பிங்க். யாரோ கண்ணில்லாதவன் கட்டியதுபோல கண் கூசுகிற ஒரு அடிபிங்க் உருண்டை, அதன்மேல் ஊதா இறகு. அடிபிங்குக்கு ஊதாவா! கடையில் யாராவது கேட்டிருந்தால் வியாபாரம் போனாலும் போகட்டும் என்று கொடுக்க மறுத்திருப்பார். எடுத்துக் கட்டினார், கட்டும்போது கொஞ்சம் அருவருப்பாகக்கூட இருந்தது.

சுயம்புலிங்கம் கம்பைப் பின்னால் கொண்டுபோய் முன்னால் வீசினார். அழகாகத்தான் வீசினார், யூடியூபில் பார்த்துப் பார்த்துப் பழகியது, மஞ்சள் நரம்பு ஆகாயத்தில் சுருண்டு விரிந்து நடுக்குளத்தில் போய் விழுந்தது. தனுஷ்கோடிக்கு வீச வராது. பின்னால் போன நரம்பு பின்னாலேயே செடியில் மாட்டும், இல்லை தொப்பியில் மாட்டும், முன்னால் வந்தாலும் நாலு முழத்துக்குள் நூல்கண்டு அவிழ்ந்த மாதிரி குவியலாக விழும். அதுவே நல்லது, இன்றைக்கு அந்தக் கைவராத்தனம்தான் குடும்பத்தைக் காப்பாற்றப்போகிறது என்று நினைத்துக்கொண்டு வீசினார், குவியலாக விழுந்தது, அடிபிங்க் உருண்டை காலடியில் மிதந்தது. அப்போதுதான் பார்த்தார். கரையோரத் தண்ணீருக்குள், மணலில், தாம்பாளம் தாம்பாளமாக வெளுத்த வட்டங்கள், ஒவ்வொரு வட்டத்துக்கும் மேல் ஒரு உள்ளங்கை அகல மீன் முட்டைக்குக் காவல் நின்றது. இத்தனை பேரும் இங்கே இருக்கிறார்களா? நடுக்குளத்தில் யாரும் இல்லையா? அடப்பாவி என்று அவர் நினைத்து முடிக்கவில்லை, ஒரு மீன் மேலே வந்து உருண்டையை உற்றுப் பார்த்தது, அடிபிங்குக்கும் ஊதாவுக்கும் ஒத்துப்போகாது என்ற விவரமே இல்லாத மூடம், பொத்தென்று வாங்கிக்கொண்டது. கம்பு நுனி ஆடியது. கையில் ஒரு துடிப்பு ஏறி முழங்கைவரை வந்தது, ஐயோ என்ன சுகம் அது, அறுபத்து மூன்று வயதில் இப்படி ஒரு சுகம் இருக்கிறதே என்று ஒருகணம் எல்லாம் மறந்துபோய்த் தூக்கிக் காட்டத்தான் தோன்றியது. சம்மந்தி, இங்க பாருங்க, என்று ஒரு சத்தம் போடலாம்போல இருந்தது. ஏன் கூடாது? கல்யாணத்தில் பாயசத்தில் முந்திரி குறைச்சல் என்று ஏழு வருஷமாகச் சொல்லிக் காட்டுகிற மனுஷனுக்கு முன்னால் ஒரே ஒரு தடவை, ஒரு மீன் தூக்கிக் காட்டினால் என்ன? சுபிதாவின் சீவாத தலை ஞாபகம் வந்தது. இருமுவதுபோல இருமிக்கொண்டு, முதுகைத் திருப்பிக் குனிந்து, சம்பந்தி பார்ப்பதற்குள் மீனைக் கழற்றித் தண்ணீரில் விட்டார். விட்டதும் அது போய் அதே வட்டத்தின் மேல் நின்றுகொண்டது, வெட்கமில்லாமல்.

"என்ன, மாட்டிச்சா?"

"செடி, சம்மந்தி. செடியில மாட்டிக்கிட்டு."

அடுத்தது ஒரு கறுப்பு எறும்பைக் கட்டினார், கடித்தது. கல்யாண வீட்டுச் சரிகைபோல மின்னுகிற ஒன்றைக் கட்டினார், அதையும் கடித்தது. மூன்று தடவை இருமல், மூன்று தடவை செடி. சம்பந்தியின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகுவது பத்தடி தள்ளியே தெரிந்தது, அந்த மௌனம் வந்துகொண்டிருந்தது, பக்கத்தில் வந்துவிட்டது. தனுஷ்கோடிக்குக் கொசுக்கடி, கழுத்தில் வேர்வை, பனியன் ஒட்டியது, இந்த ஊரில் ஜூன் மாதம் குளிரும் என்று மனைவி மாரிக்கனி கட்டாயப்படுத்தி மாட்டிவிட்ட குரங்குக் குல்லாய்க்குள் தலை வெந்தது. கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். மாப்பிள்ளையின் பையில் குறடு இருந்தது. ஒரு பழுப்புச் சிலந்தியை எடுத்து, அதன் முள்ளை வளைவோடு டக்கென்று ஒடித்துப் போட்டார். முள்ளில்லாத சிலந்தி, இனிக் கடித்தால் கடிக்கட்டும். போட்டார். மீன்கள் வந்தன, ஒன்று மாற்றி ஒன்று ரப்பர் காலைப் பிடித்து இழுத்தன, விட்டன, மறுபடி இழுத்தன. தண்ணீர் கொதிக்கிற மாதிரி தளதளத்தது. நிம்மதியாக இருந்தது, ஒருவகையில் சந்தோஷமாகவும் இருந்தது, கெட்ட பெயர் வராமல் மீனோடு கை குலுக்குகிற மாதிரி.

நிழல் விழுந்தது. திரும்பினால் சுயம்புலிங்கம் பின்னாலேயே நின்றார், கண் தண்ணீரின் மேல்.

"சம்மந்தி, அது என்ன ஈ?"

"இதுங்களா, இது சும்மா..."

"இவ்வளவு மீனு சுத்துது. ஒங்களுக்கு இழுத்துத் தூக்கத் தெரியல, அவ்வளவுதான். அதக் கழத்திக் குடுங்க."

கேட்டுவிட்டார். சம்பந்தி வாய்விட்டு ஒன்றைக் கேட்டு இல்லை என்று சொன்ன சரித்திரம் கிடையாது, நிச்சயதார்த்தத்தில் மண்டபத்தை மாற்றச் சொன்னபோதுகூட மாற்றினார். ஆனால் இதைக் கொடுத்தால்? முள் இல்லாததைப் பார்ப்பார், தரையில் ஒடிந்து கிடப்பதைப் பார்ப்பார், எனக்கு விட்டுக்கொடுக்கிறீரா, நான் என்ன பிச்சைக்காரனா என்று ஒரு பார்வை பார்ப்பார், அப்புறம் இந்த ஜென்மத்தில் பேசமாட்டார், பேர்த்தி கல்யாணத்தில்கூடப் பேசமாட்டார். "அய்யோ, இது பழசு சம்மந்தி, கால் ரெண்டு பிஞ்சுபோச்சு. இருங்க, இதே ஜாதியில புதுசு எடுத்துத் தாரேன்" என்று பெட்டியைத் திறந்தார், முதல் தடவையாகத் தயங்காமல், மேல்வரிசையில் மூன்றாவது, பாசிப்பச்சை உடம்பு, மஞ்சள் அடிவயிறு. அதை எடுத்து வெளிச்சத்தில் ஒருதரம், தண்ணீருக்கு நேராக ஒருதரம் பிடித்துப் பார்த்தார். பொருத்தம் என்றால் அப்படி ஒரு பொருத்தம். கடைப்பழக்கத்தில் "வெளுக்காது, சாயம் போகாது" என்று சொல்லப் பார்த்தார். கட்டிக் கொடுத்தாயிற்று, ஆனால் மனுஷன் இதையும் கொண்டுபோய் நடுக்குளத்தில் வீசுவாரே, அதற்கு என்ன வழி? யோசித்து, குரலில் முடிந்தவரை பரிதாபத்தைச் சேர்த்துக்கொண்டு கேட்டார். "சம்மந்தி, ஒங்க அளவுக்குத் தூரமா வீச எனக்கு வராது. பக்கத்துல போடுறதையாவது ஒருக்கா காட்டிக் குடுங்களேன்."

"பக்கத்துல போடுறதுக்கு என்ன இருக்கு?" என்றார் சுயம்புலிங்கம், சொல்லிக்கொண்டே மணிக்கட்டை மட்டும் அசைத்தார். சிலந்தி வட்டத்தின் நடுவில் போய்ப் பூ மாதிரி உட்கார்ந்தது. தனுஷ்கோடி மனசுக்குள் மீனிடம் கெஞ்சினார். கடி, கடித்துத் தொலை, எனக்கு மூன்று தடவை கடித்தாயே, பெரிய மனுஷன் போட்டிருக்கிறார், மரியாதை தெரியாதா. கடித்தது. கம்பு வளைந்தது. தாசில்தார் "ஏ! ஏ! ஏ!" என்று கத்தியது குளத்துக்கு அக்கரையில் நாயோடு நடந்துகொண்டிருந்த ஒரு அம்மாவை நின்று பார்க்க வைத்தது. மீன் கையில் வந்தது, உள்ளங்கை அகலம், நெஞ்சு ஆரஞ்சு, செவுள் ஓரத்தில் நீலம். சுயம்புலிங்கத்தின் கண் நிறைந்துவிட்டது, நிஜமாகவே நிறைந்துவிட்டது, முப்பத்தாறு வருஷம் மனுக்களை வாங்கிப் பழகிய மனுஷன் ஒரு சட்டிமீனை வாங்கிக்கொண்டு அழுதார். தனுஷ்கோடிக்கும் நெஞ்சு இளகியது. பாவம், இவர் ஜெயிக்கத்தான் வந்தார் என்று நினைத்தோமே, ஒன்று கிடைக்காதா என்றுதான் வந்திருக்கிறார். போகட்டும், முந்திரிப் பேச்சைக்கூட மன்னித்துவிடலாம்.

"கைராசி சம்மந்தி ஒங்களுக்கு. நீங்க தொட்டுக் குடுத்ததும் மாட்டுது பாத்தீங்களா?" சுயம்புலிங்கம் மீனைப் பிடித்த கையாலேயே அவர் தோளைத் தொட்டார். "ஒண்ணு சொல்லுதேன் கேளுங்க. பாப்பாவுக்கு நீங்க பேரு வைங்க."

"நானா?"

"நீங்கதான். எங்கம்மா பேருதான்னு நான் பிடிச்சுக்கிட்டு நிக்கேன், புள்ளைங்க ரெண்டும் மொகத்த ஒரு மாதிரி வச்சுக்கிட்டுத் திரியுது, எனக்குத் தெரியாமலா இருக்கு? நீங்க சொல்லுங்க. ஒரே பேரு. நீங்க சொன்னா அதுதான், நான் அப்புறம் மாத்திப் பேசமாட்டேன்."

இவ்வளவு சுலபமாகவா? மூன்றே எழுத்து, இயல், அதைச் சொன்னால் முடிந்தது. சாயங்காலம் யாரும் யாரிடமும் எதையும் சொல்ல வேண்டாம், தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்கு அடியில் இருப்பது அங்கேயே இருக்கலாம், சுபிதா தூங்கலாம். வாயைத் திறந்தார். திறந்த வாய்க்குள் அந்தப் பெயர் இல்லை. அவர் தேடாமலேயே வேறொன்று வந்து நின்றது. தீப்பெட்டிக் கம்பெனியில் குச்சி அடுக்கி அடுக்கி விரல் நுனி கறுத்துப்போன ஒருத்தி, அவருக்குப் பதினாறு வயதில் போய்ச் சேர்ந்தவள், ரேஷன் கார்டில் பெயர் அடித்த நாளுக்குப் பிறகு அந்தப் பெயரை ஒரு வாய் உச்சரித்துக் கேட்டதில்லை, கடைக்குக்கூட வைக்கத் தோன்றாமல் போயிற்று, மகளுக்கு வைக்க மாரிக்கனி சம்மதிக்கவில்லை, அவரும் சரி என்றுவிட்டார், எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லியே அறுபத்து மூன்று வயதாகிவிட்டது. முதல் தடவையாக ஒருத்தர் அவரைப் பார்த்து நீங்கள் சொன்னால் அதுதான் என்கிறார். இயல், இயல் என்று உள்ளே ஒருபக்கம் மகள் கத்திக்கொண்டுதான் இருந்தாள்.

"தங்கபுஷ்பம்" என்றார் தனுஷ்கோடி.

"யாரு?"

"எங்க அம்மா."

சுயம்புலிங்கம் முகம் மலர்ந்து, தலையை ஆட்டி, "அப்படிச் சொல்லுங்க. ஒங்களுக்கும் இருக்கத்தான செய்யும்" என்றார். "தங்கபுஷ்பம். நல்லா கனமா இருக்கு. முப்பதாம் நாளு நானே பிள்ள காதுல மூணு தடவ சொல்லுதேன். எவன் மாத்தச் சொன்னாலும் விடமாட்டேன், நீங்க கவலப்படாதீங்க."

தனுஷ்கோடியின் சட்டைப்பையில் போன் அடித்தது. சுபிதா. எடுத்துக் காதில் வைத்தார். பின்னால் குழந்தை அழுகிற சத்தம், அவள் குரல் அதற்கு மேல். "அப்பா, மீனு மாட்டிச்சா? மாமா எப்படி இருக்காங்க?"

தண்ணீர் ஓரமாகச் சுயம்புலிங்கம் மீனை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு தங்கபுஷ்பம், தங்கபுஷ்பம் என்று சொல்லிப் பழகிக்கொண்டிருந்தார்.

"ரொம்ப சந்தோஷமா இருக்காரும்மா" என்றார் தனுஷ்கோடி. "இப்படி ஒரு சந்தோஷத்துல நான் அவரப் பாத்ததே இல்ல."